ஒயர் ஒன்று, முனை இரண்டு: ஸ்டீயரிங் மாற்றியபின் ஹாரன் ஏன் ஊமையாகிறது?

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் சித்தப்பா வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நிற்கிறது. ஏர்பேக் வராத காலத்து வண்டி. போன மாதம் தம்பி அதற்குப் புது ஸ்டீயரிங் வாங்கி மாட்டினான். சின்ன வட்டம், தடித்த பிடி, நடுவே ஹாரன் பட்டன். மாட்டி முடித்துப் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை.

சாயங்காலத்துக்குள் தெருவில் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டார்கள். "பேட்டரிலேர்ந்து டைரக்டா ஒரு ஒயர் இஸ்து பட்டனுக்குக் குடுத்துரு" என்றார் ஒருவர். "ஹாரனே பூட்ச்சு, புதுசு வாங்கு" என்றார் இன்னொருவர். ஃபியூஸைப் பெரிதாகப் போடு என்றும், டேஷ்போர்டில் காலிங் பெல் சுவிட்ச் ஒன்றை வைத்து வேலையை முடி என்றும் சொன்னவர்கள் உண்டு. ராத்திரி எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, வண்டிலேர்ந்து ஒயர் ஒண்ணுதான் வருது. பட்டனுக்குப் பின்னாடி முனை ரெண்டு இருக்கு. இன்னொரு முனைக்கு ஒயர் எங்க?"

சொன்ன யோசனைகள் எல்லாவற்றையும்விட அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் ஹாரன் வேலை செய்யும் விதம் முழுக்கப் புரிந்துவிடும். தெரியாமல் டைரக்ட் ஒயர் இழுத்தால், ஓட்டுபவரின் மடிக்கு மேலேயே நெருப்புக்கு வழி வைத்ததாகிவிடும். நான் பார்த்தவரை, ஸ்டீயரிங் மாற்றியபின் ஹாரன் அடிக்காத வண்டிகளில் பெரும்பாலும் ஹாரனும் நன்றாக இருக்கும், ஃபியூஸும் நன்றாக இருக்கும். கரண்ட் பட்டன் வரை வந்து நின்றுகொண்டிருக்கும். அது திரும்பிப் போகும் வழிதான் அறுந்திருக்கும்.

போன கரண்ட் திரும்பி வர வேண்டும்

கடற்கரை ஸ்டேஷனில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலைப் பாருங்கள். தலைக்கு மேலே ஒரே ஒரு கம்பி. அதில் 25,000 வோல்ட். ஒற்றைக் கம்பியில் எப்படி ரயில் ஓடுகிறது? மேலே இருந்து வரும் கரண்ட், ரயிலுக்குள் வேலையை முடித்துவிட்டுச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்குகிறது. தண்டவாளம்தான் திரும்பும் பாதை. மேலே கம்பி எவ்வளவு நன்றாக இருந்தாலும், கீழே திரும்பும் வழி இல்லையென்றால் ராயபுரத்தில் நிற்கும் ரயில் வண்ணாரப்பேட்டைக்கு வராது.

காரும் இதே கதைதான். பேட்டரிக்கு பிளஸ், மைனஸ் என்று இரண்டு முனை. பிளஸில் இருந்து விளக்குக்கும் ஹாரனுக்கும் ஒயர் போகிறது. மைனஸை ஒரு தடித்த ஒயரால் காரின் இரும்பு உடம்போடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அதனால் காரின் உடம்பு மொத்தமும் தண்டவாளம் போல ஆகிவிடுகிறது. ஒவ்வொரு விளக்கில் இருந்தும் இன்னொரு ஒயரைப் பேட்டரி வரை இழுக்க வேண்டாம், பக்கத்தில் உள்ள இரும்பில் முடுக்கினால் போதும். இந்தத் திரும்பும் பாதைக்குத்தான் மெக்கானிக்குகள் எர்த் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெயர் பலரைக் குழப்புகிறது. வீட்டில் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு மண்ணுக்குள் இறக்குகிறோமே, அந்த எர்த் வேறு. கார் நிற்பது ரப்பர் டயரின் மேல். அதற்கும் மண்ணுக்கும் இந்த விஷயத்தில் தொடர்பு கிடையாது. காரில் எர்த் என்றால் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி, அவ்வளவுதான்.

இதுவரை: பிளஸ் ஒயரில் வரும், மைனஸ் உடம்பு வழியாகத் திரும்பும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை நடக்காது.

பட்டன் கரண்டை அனுப்புவதில்லை

பட்டனை அழுத்தினால் அங்கிருந்து கரண்ட் கிளம்பி ஹாரனுக்குப் போகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். டைரக்ட் ஒயர் யோசனை பிறப்பதும் இந்த நினைப்பில் இருந்துதான். பெரும்பாலான கார்களில் நடப்பது இதற்கு நேர் எதிர்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அங்கிருந்து குழாய் கீழே சமையலறை வரை வருகிறது. குழாய் மூடியிருக்கும்போது தண்ணீர் எங்கே இருக்கிறது? தொட்டியில் மட்டுமா? குழாயின் வாய் வரை வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. திறந்த உடனே விழுவது அதனால்தான். குழாய் தண்ணீரை அனுப்புவதில்லை, போக வழி விடுகிறது.

ஹாரன் பட்டன் இந்தக் குழாய் மாதிரி. பேட்டரியின் பிளஸ் முதலில் ஃபியூஸைத் தாண்டி, பிறகு ரிலே என்ற சின்னப் பெட்டியைத் தாண்டி, ஒரே ஒயரில் ஸ்டீயரிங் நடுவரை வந்து காத்திருக்கிறது. பட்டனுக்கு இந்தப் பக்கம் அந்த ஒயர். அந்தப் பக்கம் எர்த். அழுத்தினால் இரண்டும் தொடும், காத்திருந்த கரண்ட் உடம்புக்குள் இறங்கிப் பேட்டரிக்குத் திரும்பும், சுற்று முழுமையாகும், ஹாரன் அடிக்கும்.

தம்பியின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. இரண்டாவது முனைக்கு வண்டியில் இருந்து தனி ஒயர் வராது. அது ஸ்டீயரிங்கின் உலோகத்துக்குப் போக வேண்டும். பழைய ஸ்டீயரிங்கில் அந்த உலோகமே பட்டனின் மறுபக்கமாக இருந்ததால், அங்கே இரண்டாவது ஒயர் கண்ணில் பட்டிருக்காது.

இப்படி அமைத்ததில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. ஸ்டீயரிங் கழுத்துக்குள் போகும் அந்த ஒயர் உராய்ந்து, தோல் உரிந்து, இரும்பில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பட்டனை அழுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். ஹாரன் விடாமல் கத்தும், தெருவே திரும்பிப் பார்க்கும், ஆனால் எதுவும் எரியாது. அதே இடத்தில் பேட்டரியில் இருந்து நேராக இழுத்த பிளஸ் ஒயர் உரிந்து இரும்பில் பட்டால் அது ஷார்ட். ஃபியூஸ் இருந்தால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் இல்லாமல் இழுத்திருந்தால் ஒயர் பழுக்கச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். டைரக்ட் ஒயர் வேண்டாம் என்று நான் அத்தனை பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ஃபியூஸைப் பெரிதாக்கச் சொல்லும் யோசனையும் இதே வகை ஆபத்து.

ரிலே: கிரேன் ஓட்டுபவரின் விரல்

ராயபுரம் பக்கம் போனால் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். மேலே கூண்டில் ஒருவர் உட்கார்ந்து சின்ன நெம்புகோலை விரலால் நகர்த்துகிறார். டன் கணக்கில் கனம் உள்ள கன்டெய்னர் எழும்புகிறது. தூக்குவது அவர் கை இல்லை, மோட்டார். அவர் தருவது கட்டளை மட்டும்.

ரிலேயும் அப்படித்தான். உள்ளே மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்று. அதில் கொஞ்சம் கரண்ட் ஓடினால் அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். 'டிக்' என்ற சத்தம் அதுதான். அந்தத் தகடு போய் ஒரு பெரிய தொடர்பை மூடும், ஹாரனுக்கான பெரிய கரண்ட் அந்தத் தொடர்பு வழியாக ஓடும்.

கணக்கில் பார்த்தால் தெளிவாகும். சாதாரணக் கார் ரிலேயின் சுருளுக்குத் தடை சுமார் 80 ஓம். 12 வோல்ட்டில் ஓடும் கரண்ட் 0.15 ஆம்பியர். ஹாரனோ ஒன்றுக்கே சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். ஆக, உங்கள் கட்டைவிரலுக்கு அடியில் ஓடுவது ஹாரனின் கரண்டில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கு. பட்டன் சின்னதாக இருக்கலாம், ஒயர் மெல்லியதாக இருக்கலாம், எதுவும் சூடாகாது.

ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். 85, 86 இரண்டும் சுருளின் முனைகள். 30-இல் பெரிய கரண்ட் உள்ளே வரும், 87-இல் ஹாரனுக்கு வெளியே போகும். பட்டன் ஒயர் சேருவது சுருளின் ஒரு முனையில். ஆரம்பத்தில் இதற்கு மேல் தெரிந்திருக்கத் தேவையில்லை.

ரிலே இல்லாத பழைய வண்டிகளும் உண்டு. அவற்றில் ஹாரனின் முழுக் கரண்டும் பட்டன் வழியாகவே எர்த்துக்குப் போகும். அந்த வண்டிகளில் துரு ஒரு பெரிய எதிரி. ஹாரனின் தடை 3 ஓம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். எர்த் பாதையில் துருவால் 1 ஓம் கூடினால் மொத்தம் 4 ஓம், கரண்ட் 3 ஆம்பியராக இறங்கும், ஹாரனுக்குக் கிடைப்பது 9 வோல்ட். சளி பிடித்த குரலில் முனகும். ரிலே உள்ள வண்டியில் அதே 1 ஓம், 80-ஐ 81 ஆக்கும், வித்தியாசமே தெரியாது.

சுழலும் வட்டத்துக்குள் ஒயர் எப்படிப் போகிறது?

ஸ்டீயரிங் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குச் சாதாரணமாக மூன்று, நான்கு சுற்று சுற்றும். வெறும் ஒயரைப் போட்டால் ஸ்டீயரிங்கைத் தாங்கும் தண்டில் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். இதற்கு இரண்டு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பழைய கார்களின் வழிக்கு மறுபடியும் ரயிலுக்கே போகலாம். ரயிலின் கூரையில் ஒரு கை நீட்டிக்கொண்டு மேல் கம்பியை உரசியபடியே வருகிறதல்லவா? ரயில் ஓடுகிறது, கம்பி நிற்கிறது, தொடர்பு விடுவதில்லை. காரில் அந்தக் கம்பியை வட்டமாக வளைத்துப் பித்தளை வளையமாக்கி ஸ்டீயரிங்கின் அடியில் பொருத்தியிருப்பார்கள். அதற்கு ஸ்லிப் ரிங் என்று பெயர். ஸ்பிரிங்கால் தள்ளப்படும் ஒரு சின்ன முள் அந்த வளையத்தை உரசிக்கொண்டே இருக்கும். சில வண்டிகளில் வளையம் கீழேயும் முள் ஸ்டீயரிங் பக்கமும் இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

புதிய கார்களில் அந்த வேலையைச் செய்வது கிளாக் ஸ்பிரிங். தையல்காரர் டேப்பைச் சுருட்டி டப்பாவுக்குள் வைத்தது மாதிரி, தட்டையான ஒயர் நாடா ஒன்று உள்ளே சுருண்டிருக்கும். ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பினால் இறுகும், மறுபக்கம் திரும்பினால் தளரும். உரசல் இல்லாததால் தொடர்பு விட்டுவிட்டு வராது. அதைக் கழற்றித் தவறான நிலையில் திருப்பி மாட்டினால் மட்டும், முழுதாக ஒடிக்கும் முதல் வளைவிலேயே நாடா அறுந்துவிடும்.

கிளாக் ஸ்பிரிங் இருக்கிறது என்றால் அநேகமாக ஏர்பேக்கும் இருக்கிறது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அதற்கு முன் வந்த பல கார்களிலும் உண்டு. ஏர்பேக்குக்குள் இருப்பது வெடித்து வாயு கிளப்பும் ஒரு மருந்து. மோதிய கணத்தில், ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள், பை முழுதாக ஊதிவிடும். அப்படிப்பட்ட ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு அழகுக்காக வேறொன்று மாட்டாதீர்கள். ஹாரன் ஒயரைத் தேடுகிறேன் என்று ஏர்பேக் ஒயரில் மல்டிமீட்டர் (வோல்ட், தடை எல்லாம் அளக்கும் கருவி) முனையை வைப்பதும் ஆபத்து. தடை அளக்கும்போது மீட்டர் தானே கொஞ்சம் கரண்ட் விடும். அந்த ஒயர்களும் அவற்றின் சொருகிகளும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும், கையே வைக்க வேண்டாம். கீழே சொல்லப்போவது முழுக்க ஏர்பேக் இல்லாத பழைய வண்டிகளுக்கு மட்டும்.

சுருக்கமாக: பேட்டரி, ஃபியூஸ், ரிலேயின் சுருள், ஸ்லிப் ரிங், பட்டன், ஸ்டீயரிங்கின் உலோகம், தண்டு, காரின் உடம்பு, மறுபடி பேட்டரி. இதுதான் சுற்று.

புது ஸ்டீயரிங்கில் எந்த இடம் அறுகிறது?

கடையில் வாங்கும் ஸ்டீயரிங் எந்த வண்டியின் தண்டிலும் நேராக உட்காராது. தண்டில் வெட்டியிருக்கும் பற்கள் வண்டிக்கு வண்டி வேறு. நடுவில் ஒரு உலோகத் துண்டு வேண்டும். ஒரு பக்கம் உங்கள் தண்டின் பற்களுக்குப் பொருந்தும், மறுபக்கம் ஸ்டீயரிங்கின் ஆறு போல்ட்டுக்குப் பொருந்தும். இதை பாஸ் கிட் என்பார்கள், சுருக்கமாக பாஸ். ஆறு போல்ட்டும் அமையும் வட்டம் சில ஸ்டீயரிங்குகளில் 70 மில்லிமீட்டர், சிலவற்றில் 74. வாங்கும்போதே இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். துளையை ராவிப் பெரிதாக்கி மாட்டும் வேலை ஸ்டீயரிங்கில் கூடவே கூடாது.

திரும்பும் பாதை அறுவது இந்த பாஸைச் சுற்றித்தான். பாஸ் பெரும்பாலும் அலுமினியம், மேலே கறுப்புப் பூச்சு. பூச்சு கரண்டை விடாது. பூச்சில்லாமல் பளபளவென்று நிறமேற்றிய அலுமினியமும் அப்படியே. அந்த நிறம் ஏறியிருப்பது அலுமினிய ஆக்சைடு அடுக்கில், அதுவும் கரண்டைத் தடுக்கும். பார்த்தால் முழு உலோகம், தொட்டால் சில்லென்று இருக்கும், மீட்டர் வைத்தால் ஒன்றும் காட்டாது. உயரம் போதவில்லை என்று பாஸுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே பிளாஸ்டிக் வளையம் வைத்திருந்தால், பாதையை நாமே வெட்டியதாகிவிடும்.

பட்டனிலும் இரண்டு வகை உண்டு. ஒற்றை முனைப் பட்டன் தன் உலோக விளிம்பையே இரண்டாவது முனையாக வைத்துக்கொள்ளும். விளிம்பு ஸ்டீயரிங்கின் வெறும் உலோகத்தில் பட்டால்தான் வேலை. இரட்டை முனைப் பட்டன் யாரையும் நம்பாது, இரண்டுக்கும் ஒயர் கேட்கும். என்னைக் கேட்டால் இரட்டை முனைதான் வாங்க வேண்டும்.

அடுத்து தண்டு. ஸ்டீயரிங் தண்டு இரும்புதானே, தானாகவே எர்த் இருக்கும் என்று தோன்றும். பல வண்டிகளில் தண்டின் நடுவே அதிர்வைக் குறைக்க ரப்பர் இணைப்பு ஒன்று உண்டு. மேலே அதைத் தாங்கும் புஷ்ஷும் ரப்பராகவோ நைலானாகவோ இருக்கலாம். அப்போது தண்டின் மேல்பாதி எங்கும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அதற்காகத்தான் ரப்பர் இணைப்பைத் தாண்டி ஒரு பின்னல் ஒயர்ப் பட்டை போட்டிருப்பார்கள். இருபது வருட வண்டியில் அது அறுந்தும் போயிருக்கலாம், யாரோ தேவையில்லை என்று கழற்றியும் வைத்திருக்கலாம்.

எங்கள் பக்கத்து வண்டிகளுக்கு இன்னொன்றும் சேர்கிறது. காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரை கடற்காற்று உப்போடுதான் வீசுகிறது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் பித்தளை வளையத்தில் பச்சைக் களிம்பு ஏறும், இரும்புத் திருகில் துரு பிடிக்கும். அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் இறங்கினால், இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்து அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். வாசலிலேயே நிறுத்தும் வண்டிகளில் இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஒரு பல்பு போதும், கண்டுபிடிக்கலாம்

தேவை: 12 வோல்ட், 5 வாட் பழைய கார் பல்பு ஒன்று, அதன் இரு முனையிலும் ஒரு முழ ஒயர். எல்இடி டெஸ்டர் இதற்கு உதவாது. அதில் ஓடும் கரண்ட் மிகக் குறைவு, ரிலே அசையாது.

ஸ்டீயரிங்கைக் கழற்றும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். சக்கரம் நேராக இருக்கும்போது தண்டிலும் ஸ்டீயரிங்கிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நடு நட்டை முழுதாக எடுக்காமல் இரண்டு மூன்று மரை பிடித்திருக்க விட்டு, புல்லர் என்ற இழுக்கும் கருவியைப் போட்டு இழுங்கள். நட்டு இல்லாமல் இழுத்தால் திடீரென்று விட்டு முகத்தில் அடிக்கும். சுத்தியலால் தண்டைத் தட்டவே கூடாது. இந்தக் கழற்றும் வேலையும், திரும்ப மாட்டும்போது நட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்கும் வேலையும் முன்பின் பழகாதவர்களுக்கு உரியதல்ல. அந்தப் பாதியை மெக்கானிக்கிடம் விடுங்கள். ஹாரன் ஒயர்தான் நாம் பேசும் பாதி.

இப்போது ஹாரன் ஒயர் வெளியே தெரியும். மைனஸைத் திரும்ப மாட்டி, பல்பின் ஒரு முனையை அந்த ஒயரிலும் மறு முனையைக் காரின் வெறும் இரும்பிலும் வையுங்கள். பல வண்டிகளில் சாவி போடாமலே ஹாரன் அடிக்கும். அடிக்கவில்லை என்றால் சாவியைப் போட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

பல்பு மங்கலாகவோ எரியாமலோ இருந்து ஹாரன் அடித்தால், பேட்டரியில் இருந்து இந்த ஒயர் வரை எல்லாம் சரி. சுருளின் 80 ஓம் குறுக்கே நிற்பதால் பல்புக்குப் போதுமான கரண்ட் கிடைக்கவில்லை, ரிலேக்கு அது போதும். குறை ஸ்டீயரிங் பக்கம் என்று உறுதியாகிவிட்டது. தம்பியின் வண்டியில் இதுதான் நடந்தது. போனிலேயே ஹாரன் சத்தம் கேட்டது.

பல்பு பிரகாசமாக எரிந்து ஹாரன் அடிக்காவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். வண்டியில் ரிலே இல்லாமல் இருக்கலாம், அல்லது அந்த ஒயர் நேர் பிளஸாக இருக்கலாம். பல்பு இல்லாமல் ஒயரை நேராக இரும்பில் தொட்டிருந்தால் இந்த இரண்டாவது நிலையில் ஷார்ட் ஆகியிருக்கும். வண்டியின் ஒயரிங் படம் பார்க்காமல் மேலே போக வேண்டாம்.

பல்பும் எரியவில்லை, ஹாரனும் இல்லை, ரிலேயின் 'டிக்' சத்தமும் இல்லை என்றால் கரண்ட் இங்கே வரவே இல்லை. ஃபியூஸ், ரிலே, ஸ்லிப் ரிங் முள் என்று பின்னோக்கிப் போங்கள். ரிலே 'டிக்' என்று சொல்லியும் ஹாரன் மௌனமாக இருந்தால் ரிலேக்கும் ஹாரனுக்கும் நடுவே பாருங்கள்.

அடுத்தது எர்த் சோதனை. பல்பின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸில் இருந்து வரும் ஃபியூஸ் உள்ள ஒயரில் வைத்து, மறு முனையைத் தண்டின் நடு நட்டில் வையுங்கள். முழுப் பிரகாசம் என்றால் தண்டுக்கு எர்த் இருக்கிறது. பாஸை மாட்டியபின் அதன் திருகுத் துளையில் வைத்துப் பாருங்கள். பிறகு ஸ்டீயரிங்கின் உலோகத்தில். எந்தப் படியில் வெளிச்சம் அணைகிறதோ அந்தப் படிதான் குறை. மல்டிமீட்டர் இருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்கின் உலோகத்தில் இருந்து காரின் உடம்பு வரை தடையை அளக்கலாம். 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

சரி செய்வது

குறை தெரிந்தபின் வேலை சின்னது. இரட்டை முனைப் பட்டனின் ஒரு முனையில் வண்டியில் இருந்து வரும் ஒயர். எந்த முனை என்பது முக்கியமில்லை, பட்டனுக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது. மறு முனையில் ஒரு சாண் ஒயர், அதன் நுனியில் வட்ட லக், அதாவது திருகு நுழையும் ஓட்டை உள்ள உலோக முனை. பாஸில் ஒரு திருகின் தலை உட்காரும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, லக்கை அங்கே வைத்து இறுக்குங்கள். பாஸின் உள்பற்களில் கை வைக்காதீர்கள். லக்கின் மேல் கொஞ்சம் வாசலின் தடவினால் உப்புக்காற்று எளிதில் அண்டாது. வண்டி ஒயரின் முனைக்கு மேல் உறை கட்டாயம் வேண்டும். அது பாஸின் சுவரில் உரசினால் ஹாரன் தானாகக் கத்தும்.

சில அறிகுறிகள் தானே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நேராகப் போகும்போது அடித்து, வளைவில் விடுகிறதா? ஸ்லிப் ரிங்கில் ஒரு பக்கம் களிம்பு, அல்லது பாஸ் கொஞ்சம் உயரமாக இருந்து முள் எட்டவில்லை. திருப்பும்போது தானாக அடிக்கிறதா? ஒயர் எங்கோ இடுக்கில் மாட்டி நசுங்குகிறது. இன்டிகேட்டர் தானாகத் திரும்பி அணையவில்லையா? பாஸின் அடியில் அதற்கென்று உள்ள நீட்டல், உரிய பள்ளத்தில் உட்காரவில்லை. பாஸை மறுபடி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய மோட்டார் வாகன விதி 119-இன்படி வண்டியில் ஹாரன் இருந்தாக வேண்டும், பல சுரத்தில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரன் கூடாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுபவருக்கு இதைச் சட்டம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லாரிக்காரர் கண்ணாடியில் சின்னக் கார் தெரியாத இடங்கள் உண்டு, அங்கே நாம் இருப்பதை அவருக்குச் சொல்ல ஹாரன் ஒன்றுதான் இருக்கிறது. டேஷ்போர்டு சுவிட்ச் யோசனை எனக்குப் பிடிக்காததும் அதனால்தான். ஆபத்து வரும் அரை நொடியில் கை தேடிப் போவது ஸ்டீயரிங்கின் நடுவை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பக்கத்தில் 100 மீட்டருக்கு அமைதி மண்டலம் என்று பலகை இருந்தால், ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலானாலும் சரி, சோதனைக்குக்கூட அங்கே அடிக்க வேண்டாம்.

தம்பியின் வண்டியில் குறை ஒன்றல்ல, இரண்டு. ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். லக்கை பாஸின் கறுப்புப் பூச்சின் மேலேயே முடுக்கியிருந்தான். அதைத் தேய்த்துப் போட்ட பிறகும் பல்பு நடு நட்டில் மினுக் மினுக் என்றுதான் எரிந்தது. கீழே குனிந்து பார்த்தால் ரப்பர் இணைப்பின் ஒயர்ப் பட்டை ஒரு முனையில் துருவேறி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. பழைய ஸ்டீயரிங் எப்படியோ அந்த அரைகுறைத் தொடர்பிலேயே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

தெரு முனை எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் பின்னல் ஒயர் வாங்கி, ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பினாலும் இழுபடாத நீளத்தில் வெட்டி, இரு பக்கமும் தேய்த்து முடுக்கினோம். பிறகு தம்பி உட்கார்ந்து, இடது கோடியில் இருந்து வலது கோடி வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே கால் சுற்றுக்கு ஒரு முறை பட்டனைத் தட்டினான். ஒவ்வொரு தட்டலுக்கும் சத்தம் வந்தது.

"அண்ணே, இஞ்சின் ஓடும்போதும் ஒரு தடவ பாத்துடலாமா?" என்றான். பார்த்தோம். ஐப்பசி மழை பிடிக்கும் முன் அந்த லக்கையும் பட்டையையும் ஒரு முறை கழற்றி, வெள்ளைப் பொடி ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.